சப்பாத்து மாமா

வெள்ளிக்கிழமை காலையில் துபாய் கராமாவின் எந்தப் பேச்சலர் ரூமிலும் ஒரு மனிதன் ஷூ போட்டுக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்க்க முடியாது. வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள். கைலியும் பனியனுமாகப் புரண்டு, ஊருக்குப் போன் பேசி, பிரியாணிக்கு வெங்காயம் அரிந்து, ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை போட்டு என்று ஒரு சோம்பலான கலகலப்பு இருக்கும். எங்கள் அறையில் மட்டும் ஒருவர், நாங்கள் கண் விழிக்கும்போதே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், காலில் ஷூ என்று வாசலோரம் நின்றுகொண்டிருப்பார். எங்கேயாவது போகிறாரா என்றால் இல்லை. மதியச் சாப்பாடும் அந்தக் கோலத்திலேயே. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நாங்கள் திரும்பும்போதும் அந்தக் கோலத்திலேயே. இருட்டிய பிறகுதான் ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்.

பார்க்கிற நமக்குத்தான் கால் வலிக்கும். உட்காருங்க அண்ணாச்சி, உட்காருங்க என்று சொல்லிச் சொல்லி நான் அலுத்துப் போனேன். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார், சார்ஜ் பார்ப்பார், சிக்னல் பார்ப்பார், மறுபடி பைக்குள் போடுவார். டிவியில் கிரிக்கெட் ஓடும்போது குறுக்கே போய்வந்து எல்லோரிடமும் திட்டு வாங்குவார். யாராவது அவருடைய போனுக்கு மிஸ்டு கால் கொடுத்து விளையாடினால் மட்டும் முகம் கறுத்துவிடும். ஒரு தடவை விளையாடியவன் மறு தடவை விளையாடியதில்லை.

அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், ஏசி டெக்னீஷியன். நான் காயல்பட்டினம். கராமா கடைத்தெருவில் என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், செருப்புக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ரெண்டு பேரும் உப்புக் காற்றுக்குப் பிறந்தவர்கள் என்கிற ஒரே உறவில் என்னை ‘மக்கா’ என்று கூப்பிடுவார்.

எங்களுக்குள் முதல் சண்டையே ஷூவால்தான். நாங்கள் மூன்று பேர் தொழுகிற அறை அது.

“அண்ணாச்சி, தொழுவுற எடம். தெருவுல போட்ட ஷூவோட நடக்காதீங்க” என்றேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

“தப்புதான் மக்கா, தப்புதான்” என்று உடனே கழற்றினார். மறுநாள் கடைக்கு வந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூ எடுத்தார். “இது ரூமுக்குள்ள போட மட்டும். தெருவ மிதிக்காது. கூப்பிட்டா மட்டும் அப்பிடியே படியிறங்கிருவேன் கேட்டியா.”

“யாரு கூப்பிட்டா?”

“பாப்போம்” என்றார்.

சில மாதங்கள் கழித்து அறையைக் கூட்டும்போது அந்த ஷூ கையில் தட்டுப்பட்டது. செருப்புக் கடைக்காரன் புத்தி, எந்த ஷூவைக் கண்டாலும் முதலில் புரட்டி அடியைத்தான் பார்ப்பேன். நான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதுவரை அவரைக் கேலி செய்தவர்களில் நான்தான் முன்னணியில் இருந்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யார் கூப்பிட வேண்டும் என்பது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் தெரிந்தது. மூச்சிரைக்க ஓடி வந்தார். காலில் அந்தக் கறுப்பு ஷூ.

“மக்கா, ஒரு உபகாரம். ஒரு பொம்பளயும் பிள்ளயும் வருவாவ. நான் ஒனக்க கடையில வேல பாக்குறவனா ஒரு அரமணிக்கூறு நிக்கட்டா?”

என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். ஒடிசலான ஒரு பெண், கையில் ஐந்து வயதுச் சிறுமி. அந்தப் பெண் எங்கள் யாரையும் பார்க்காமல் கைப்பைகள் தொங்குகிற பக்கம் போய் நின்றுகொண்டாள். இவர் முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால் அளக்கிற பலகையில் பிள்ளையின் பாதத்தை வைத்தார். குதிகாலைப் பிடித்துச் சரி செய்தார். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்து, “இங்க முட்டுதா? இங்க?” என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை மாடலையும் போட்டுக் கழற்றினார்.

“மாமா, கூசுது” என்று பிள்ளை நெளிந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஷூ அவர்களுக்குச் சப்பாத்து. “அம்மா, இந்தச் சப்பாத்து மாமா காலைக் கூச்சம் காட்டுறார்.”

அம்மா திரும்பவில்லை. கைப்பை ஒன்றின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவர் அதே இடத்தில் இருந்தார். பலகை மடியில் இருந்தது. “எனக்க பிள்ளயாக்கும் மக்கா” என்றார். நான் அதற்குள் ஊகித்துவிட்டேன்.

அந்நிய ஆண்பிள்ளை ஒருவன் இந்த ஊரில் ஒரு சின்னப் பெண்ணின் காலைத் தொட்டால் போலீஸ் வரும். செருப்புக் கடைக்காரன் தொட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த யோசனை அவளுடையது. என் கடையில் இவருக்கு ஆள் பழக்கம் என்று தெரிந்து அவளே சொல்லியிருக்கிறாள். அவள் கெட்டிக்காரி.

அவர்கள் கதையை அவர் ஒரு நாளும் வரிசையாகச் சொன்னதில்லை. நடந்துகொண்டே துண்டு துண்டாகச் சொல்வார், நான் கூடவே நடந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவள் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தாள். பழகினார்கள். கல்யாணத்தை இவர் அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று இழுத்தார். ஒரு நாள் பெரிய சண்டை, பிரிந்துவிட்டார்கள். பிரிந்த பிறகுதான் அவளுக்கு வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தது. கல்யாணமாகாதவள் வயிறு தெரிய நடந்தால் இந்த நாட்டில் ஜெயில். தெரிவதற்கு முன்பே கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டாள். இவர் பதறிப்போய், கட்டிக்கொள்கிறேன் என்று போனில் அழுதிருக்கிறார். “பிள்ளைக்காக எண்டு என்னைக் கட்ட வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தையால்தான்.

பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு அவள் மறுபடி துபாய்க்கு வேலைக்கு வந்தாள். தன் நாட்டுக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளையை அழைத்துவர வேண்டும். ஃபேமிலி விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அவள் இவருக்குப் போன் செய்தாள். செய்ய வேண்டிய அவசியமே இல்லை, சட்டம் இவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஆனாலும் செய்தாள்.

“உங்கட பெயரைப் போட்டா பிள்ளை இஞ்ச வர ஏலாது. என்ர புருசன்ர பெயரைப் போடட்டோ?”

இவர் யோசிக்கக்கூட இல்லை. போடு என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “பெத்த புள்ளைக்கு எவனோ பேர போடச் சொன்னீங்களே, புத்தி எங்க போச்சு?” என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

“எனக்க விசாவுல என்ன போட்டிருக்கு தெரியுமா?” என்று கேட்டார்.

“என்ன?”

“தோட்டக்காரன். நான் ஏசி தான பாக்குதேன்? ஒனக்க விசாவுல?”

“தையல்காரன்” என்றேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

“பாத்தியா. காயிதத்துல ஒண்ணு இருக்கும், நடக்கது வேற ஒண்ணா இருக்கும். இங்க எல்லாத்துக்கும் ஒரு ரெனியூவல் வரும்லா. மொதல்ல பிள்ள பக்கத்துல வரட்டும், ரெனியூவல் வரும்போ பேர மாத்திக்கலாம்னு நெனச்சேன் மக்கா.”

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அரபு நாட்டில் பத்து வருஷம் இருந்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். விசா கொடுக்கிற கபீலை மாற்றலாம், கம்பெனியை மாற்றலாம், தொழிலை மாற்றலாம், எதை வேண்டுமானாலும் அடுத்த முத்திரை விழும்போது பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் பிறப்பில் ஏறிய பெயருக்கு ரெனியூவல் கிடையாது என்று விசா மனு அடித்துக் கொடுக்கிற எந்த டைப்பிங் சென்டர்காரனும் அவருக்குச் சொல்லவில்லை.

வக்கீல்தான் சொன்னார். எங்கள் தெருவிலேயே மாடியில் இருந்த மலையாளி வக்கீல். நானும் கூடப் போயிருந்தேன். இவர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே கேட்டார்: அப்பன் என்று பெயர் வேண்டாம், பிள்ளையைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் எழுத்தில் வாங்கித் தர முடியுமா?

வக்கீல் பாவப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. “இவிடெ கல்யாணம் இருந்தாத்தான் அப்பன், சேட்டா. நீங்க கேஸ் கொடுத்தா, செய்த குற்றத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. முதல்ல உள்ளே போறது நீங்க. அடுத்து அந்தப் பெண்ணு. குழந்தைக்கு உள்ள விசாவும் போகும். மனசிலாயோ?”

மனசிலானது. அன்றைக்குக் கராமாவிலிருந்து கிரீக் வரைக்கும் நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பின்னால் வியர்த்து வழிந்து ஓடினேன். அப்ரா படகுகள் நிற்கிற படித்துறையில்தான் நின்றார்.

“அப்பன்னு சொன்னா குத்தவாளி. சொல்லலேன்னா யாரோ. இடையில நிக்க ஒரு எடம் இல்லியே மக்கா” என்றார்.

பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் கோர்ட் ஒரு கிழமையும் ஒரு நேரமும் போட்டுக் கொடுக்கும். மற்ற நாள் அவன் கைலி கட்டிக்கொண்டு தூங்கலாம். இவருக்குக் கிழமை கிடையாது. அவளுக்கு எப்போது தோதுப்படுமோ, எப்போது மனம் இரங்குமோ அப்போதுதான். அதனால் எல்லா வெள்ளிக்கிழமையும் அவர் ஷூ போட்டுக்கொண்டார். ஃபுஜைராவுக்குக் குளிக்கப் போகிற கூட்டத்தோடு ஒரு நாளும் வந்ததில்லை. வருஷக்கணக்காக ஊருக்கு லீவில் போகவில்லை. ஊரில் இருக்கும்போது போன் வந்துவிட்டால்? கம்பெனி அவரை ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் ஃபேக்டரி வேலைக்கு மாற்றியபோதும் எங்கள் அறைக் கட்டிலை விடவில்லை. வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் ஷேர் டாக்ஸியில் வந்து இறங்குவார், உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியாக.

ஒரு தடவை பிள்ளைக்கு மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவளிடமிருந்து இரண்டு வரி மெசேஜ் வந்தது. வா என்று அதில் இல்லை. இவர் போனார். வாசலில் செக்யூரிட்டி, யாருக்கு என்ன உறவு என்று கேட்டானாம். இவர் தோளில் இருந்த டூல் பையைக் காட்டி “ஏசி மெயின்டனன்ஸ், பாய்” என்று சொல்லியிருக்கிறார். ஜல்தி ஜல்தி என்று உள்ளே விட்டுவிட்டான்.

அவர் அதைச் சொல்லும்போது ஒரு திருட்டுச் சிரிப்பு சிரித்தார். “ஏணி கொண்டுவரச் சொல்லி ஏறிட்டேன் மக்கா. ஏசிக் காத்து நேரா பிள்ளைக்க மூஞ்சில அடிச்சிட்டு கெடந்து. ஒருத்தனும் கவனிக்கல்ல. அந்தத் தகட்ட அந்தப் பக்கமா திருப்பி விட்டேன். மேல நின்னு கொறச்சு நேரம் பாத்தேன், ஒறங்கிட்டு இருந்தா.” சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. “அவ புருசன் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தான். எனக்குத் தண்ணி எடுத்துத் தந்தான். அவனுக்கு நான் ஆருன்னு தெரியும். கெட்டவனா இருந்தா சண்ட போடலாம். இவன் நல்லவன் மக்கா.”

அந்த நல்லவர்தான் கனடாவில் குடியேற மனுப் போட்டார். தன் நாட்டுக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருக்கும்போது அவர் போட்டதில் தப்பில்லை. எல்லாம் சரியாக நடந்து கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைக்குத் தகப்பன் பெயர் பிந்தி ஏறியிருக்கிறதே, ஏன் என்று கேட்டார்கள். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனை என்றார்கள். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அப்படியானால் பெற்ற தகப்பன் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்று பதில் வந்தது. இல்லாவிட்டால் பிள்ளை போக முடியாது.

அவள் கடைக்குத் தனியாக வந்து இவரிடம் இதைச் சொன்னாள். “இஞ்ச வச்சு எழுதினா எல்லாரும் மாட்டிப்போடுவம். நீங்கள் ஊருக்குப் போய் எழுதித் தாங்கோ. ஏலாது எண்டா... ஏலாதுதான். நான் வற்புறுத்த மாட்டன்.” சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு ஜோடி செருப்பும் வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் அறையில் யாருக்கும் நிம்மதி இல்லை. அவர் நடந்துகொண்டே இருந்தார். எனக்கு எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிடலாமா என்று இருந்தது. ஒரு வார்த்தை எழுதாமல் இருந்தால் போதும், பிள்ளை இங்கேயே இருக்கும். அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிடி கிடைத்திருந்தது. எங்கள் ரூம் ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம், கையெழுத்துப் போடாதீங்க அண்ணாச்சி என்று. நானும் சொன்னேன். அந்தப் பிள்ளை நம்ம கண் பார்வையில் இருக்கட்டும் என்று எனக்கே ஆசை இருந்தது.

“இம்புட்டு நாளும் எங்கிட்ட ஒருத்தனாவது கேட்டிருக்கானா?” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. “இப்ப எங்கயோ இருக்க ஒருத்தன் கேக்குதான். நீதான் அப்பனா, ஒனக்கு சம்மதமா, பிள்ள போவட்டான்னு. மொதமொதல்ல கேக்கவன்கிட்ட முடியாதுன்னா சொல்லணும்?”

மறுவாரம் லீவு போட்டார். எத்தனையோ வருஷம் கழித்து ஊருக்குப் போனவர், நாகர்கோவிலில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட கையோடு திரும்பிவிட்டார். அவரைத் தகப்பன் என்று சொல்கிற காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். அதிலும் எழுதியிருந்தது பிள்ளை போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்பது.

பிறகு அவர் பூட்ஸ் தேட ஆரம்பித்தார். பனியில் போடுகிற பூட்ஸ். துபாயில், மே மாத வெயிலில். என் கடையில் கேட்டார், இல்லை. கராமா முழுக்கக் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். மாஃபி, மாஃபி என்று கையை விரித்த கடைகளை எல்லாம் என்னிடம் வந்து திட்டினார். கடைசியில் தேராவில், ரஷ்யாக்காரர்கள் ரோமக் கோட்டு வாங்க வருகிற ஒரு சந்தில் கண்டுபிடித்தார். சிவப்பு பூட்ஸ், உள்ளே கம்பளி ரோமம், முன்னால் நீள லேஸ்.

அவர்கள் போன பிறகு அவர் எங்கள் அறையில் அதிக நாள் இருக்கவில்லை. ராஸ் அல் கைமா கேம்ப்பிலேயே தங்கிவிட்டார். பிறகு மஸ்கட் ரூவியில் வேலை என்று யாரோ சொன்னார்கள். போகும்போது அந்தக் கறுப்பு ஷூவைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டார். அது பலருக்குச் சரியான அளவு. ஆனாலும் நான் அந்த ரூமைக் காலி செய்கிற வரைக்கும் ஒருவரும் அதை எடுத்துப் போடவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைதான். அவள் பிள்ளையோடு கடைக்கு வந்தாள். இந்தத் தடவை கைப்பைப் பக்கம் போகவில்லை, பக்கத்திலேயே நின்றாள். இவர் முழங்கால் போட்டு, அந்தச் சிவப்பு பூட்ஸைப் பிள்ளையின் காலில் மாட்டினார்.

“பெரிசா இருக்கே” என்றாள் அவள்.

“வளருவாள்லா” என்றார். லேஸை ஒவ்வொரு கண்ணியாக இழுத்து இறுக்கினார். “ரெண்டு வருசம் போடலாம்.”

பிள்ளை நடந்து பார்த்தது. தொப் தொப்பென்று கடையை ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி சுற்றியது. நிற்கவே இல்லை. இவரைப் போலவே என்று நினைத்து நான் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“சப்பாத்து மாமா, நீங்களும் கனடா வாறீங்களா?” என்று கேட்டது பிள்ளை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமாவுக்கு விசா இல்லல்லா மக்களே” என்றார்.

விசா என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகத் தெரிகிற வார்த்தை அது. நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தது. பிறகு, பெரிய மனுஷி போல அவர் தோளில் கையை வைத்தது.

“ரெனியூ பண்ண ஏலாதா மாமா?”

அவர் குனிந்து, இறுக்கிக் கட்டிய லேஸை முழுக்க அவிழ்த்து, முதல் கண்ணியிலிருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.